மார்கழிக் காலை, மூடிக்கொண்ட முன்கண்ணாடி: தில்லியில் எலெக்ட்ரிக் கார் ஓட்டுபவர்களுக்கு முழு வழிகாட்டி

எலெக்ட்ரிக் கார் வாங்கிய முதல் மார்கழி. ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போக மயூர் விஹாரிலிருந்து காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். முன்னால் நானும் என் மனைவியும், பின்னால் எதிர் வீட்டு மாமாவும் மாமியும். நால்வரும் தலைக்குக் குளித்திருந்தோம், ஒருவர் தலையும் சரியாகக் காயவில்லை. தரிசனம் முடிந்து சாப்பிடுவதற்காக மாமி செய்த வெண்பொங்கல், மூடி சரியாக உட்காராத ஒரு தூக்கில் அவர் மடியில் இருந்தது. முந்தின இரவு சார்ஜ் போட மறந்ததால் பேட்டரி 38 சதவீதம்தான். ரேஞ்ச், அதாவது இருக்கும் சார்ஜில் ஓடக்கூடிய தூரம், குறையுமே என்று ஹீட்டரையும் ஏசியையும் அணைத்து வைத்திருந்தேன். வெளியே புகை நாற்றம் என்பதால் உள்காற்றே சுற்றும்படி ரீசர்குலேஷன் பட்டனையும் அமுக்கியிருந்தேன்.

நிஜாமுத்தீன் பாலம் ஏறியபோது முன்கண்ணாடி பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. உள்ளங்கையால் துடைத்தேன். துடைத்த இடத்தில் ஒரு கோணல் வட்டம் தெரிந்தது, அதற்குள் எதிரே வந்த லாரியின் விளக்கு நூறு துண்டாகச் சிதறியது. பின்சீட்டிலிருந்து மாமி கேட்டார்: "ஏம்ப்பா, பனி வெளியில இருக்கா, உள்ள இருக்கா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதைப் படிக்கும்போதே வண்டியில் கண்ணாடி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு அடுத்த பகுதியை மட்டும் படியுங்கள். காரணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதே மூடியிருந்தால்

1. வேகத்தைக் குறையுங்கள். சட்டென்று பிரேக் போடாதீர்கள், பின்னால் வருபவர் கண்ணாடியும் மூடியிருக்கலாம். பாலத்திலோ ஓடும் லேனிலோ நிற்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, சாலையை விட்டு இறங்கிய பிறகு நிறுத்துங்கள்.

2. முன்கண்ணாடி டிஃபாக் பட்டனை அமுக்குங்கள். விசிறி போல வளைந்த ஒரு கட்டம், அதற்குள் மேல்நோக்கி நெளியும் மூன்று அம்புகள், அதுதான் அடையாளம். நேர் செவ்வகத்தில் நெளிகோடு இருந்தால் அது பின்கண்ணாடிக்கானது. இரண்டையும் மாற்றி அமுக்குபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கப் பட்டன் ஒன்றே காற்றை ஊதும் ப்ளோயரை முழு வேகத்துக்கு ஏற்றி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டு, வெளிக்காற்றையும் திறந்துவிடும். எல்லா வண்டியும் அப்படிச் செய்யாது. அதனால் அடுத்த மூன்றையும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

3. ரீசர்குலேஷன் அணைந்திருக்கிறதா? கார் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்பினால் உள்காற்று. வெளியிலிருந்து அம்பு உள்ளே வந்தால் வெளிக்காற்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

4. ஏசி விளக்கு எரிகிறதா? எரிய வேண்டும். குளிரில் ஏசியா என்று அணைக்கப் போகாதீர்கள்.

5. வெப்பத்தை முழுவதும் ஏற்றுங்கள். முதல் சில விநாடிகளில் கண்ணாடி இன்னும் மோசமாகலாம், குழாய்க்குள் தங்கியிருந்த ஈரக்காற்று முதலில் வெளியே வருவதால் அப்படி. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

6. பொறுக்க முடியவில்லை என்றால் முன்பக்கம் ஒரு ஜன்னலும் அதற்கு எதிர்மூலையில் பின்பக்கம் ஒரு ஜன்னலும் இரண்டு விரல் அளவுக்கு இறக்குங்கள். காற்று குறுக்கே ஓடி, உள்ளே தேங்கிய ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். உடனடியாகப் பலன் தெரிவது இதில்தான். பின்சீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

கண்ணாடி தெளிவதைக் கவனித்தால், டேஷ்போர்டை ஒட்டிய அடிவிளிம்பில் முதலில் ஒரு பிறை தெரியும். அது மெல்ல மேலே ஏறி ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு வந்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். பிறை வழியாகக் குனிந்து பார்த்து ஓட்டலாம் என்று தோன்றும். நானே ஒருநாள் ஓட்டியிருக்கிறேன், புத்திசாலித்தனமான வேலை இல்லை.

மாமி கேட்ட கேள்வி: உள்ளேயா, வெளியேயா?

விரல் நுனியால் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. கோடு விழாமல், வைப்பர் ஒரு சுற்று சுற்றியதும் தெளிந்தால் ஈரம் வெளியே.

சென்னையிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறோம். சென்னையில் ஐப்பசி மழையில் கண்ணாடி மூடினால் பெரும்பாலும் வெளிப்பக்கம். உள்ளே ஏசி கண்ணாடியைக் குளிர வைக்கிறது, வெளியே இருக்கும் புழுக்கக் காற்று அதன்மேல் படிகிறது. ஐஸ் போட்ட சர்பத் டம்ளர் வியர்ப்பது போல. அங்கே வைத்தியம், ஏசியைக் குறைத்து வைப்பரைப் போடுவது. தில்லி ஜனவரியில் கதை தலைகீழ். கண்ணாடி வெளிக்குளிரில் கிடக்கிறது, நம் மூச்சும் ஈரமும் உள்ளே. ஊர்ப் பழக்கத்தில் ஏசியை அணைத்தால் இங்கே நிலைமை முற்றிவிடும்.

வெளியே காருக்கு மேல் படிந்த பனித்துளிக்கு ஒரு எச்சரிக்கை. தில்லியில் அந்தத் துளியோடு தூசியும் கரியும் கலந்து ஒரு சேறு மாதிரி உட்கார்ந்திருக்கும். காய்ந்த வைப்பரை அதன்மேல் ஓட்டினால் கண்ணாடி கீறும். முதலில் ஒரு சொம்பு சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வைப்பரைப் போடுங்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது. கல் தெறித்து விழுந்த சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் போதும், சட்டென்று சூடு பட்டதும் அதிலிருந்து விரிசல் ஓடிவிடும்.

பனிக்காற்றை உள்ளே விட்டால் எப்படிக் காயும்?

எல்லோரும் கேட்கும் சந்தேகம் இது. வெளியே நூறு சதவீத ஈரப்பதம், கை நீட்டினால் கை நனைகிறது. அந்தக் காற்றை உள்ளே விட்டால் கண்ணாடி எப்படித் தெளியும்?

காற்று எவ்வளவு ஈரத்தைச் சுமக்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 7 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பனிமூட்டக் காற்று நிறைந்து போயிருப்பது அந்த 8 கிராமில். அதே காற்றை ஹீட்டர் வழியாக விட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு சுமார் 19 கிராமாக ஏறிவிடும். உள்ளே இருப்பது அதே 8 கிராம்தான். அதாவது நூறு சதவீத ஈரமாக நுழைந்த காற்று, கண்ணாடியைத் தொடும்போது நாற்பது சதவீத ஈரமுள்ள வறண்ட காற்றாகிவிடுகிறது. துணி காயப்போடும் காற்று அது.

இனி உள்காற்றைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 50 கிராம் தண்ணீரை வெளியேற்றுகிறார். நான்கு பேர் என்றால் மணிக்கு ஒரு டம்ளர். சின்னக் காரின் உள்ளே சுமார் மூன்று கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் அது மொத்தமாகத் தாங்கக்கூடியது ஐம்பது கிராம் சொச்சம்தான். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ரீசர்குலேஷனில் போனால் கால் மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். எங்கள் ஈரத் தலைகளையும் பொங்கல் தூக்கையும் இன்னும் சேர்க்கவே இல்லை. மிஞ்சிய தண்ணீர் காருக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டும். அந்த இடம் முன்கண்ணாடி.

புகையை என்ன செய்வது என்பது தில்லிக்காரர்களின் நியாயமான கேள்வி. நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்கச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் வெளிக்காற்றும் கேபின் ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே வருகிறது, பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு மடிப்பான அட்டை அது. அக்டோபர் முடிவதற்குள் புதிது மாற்றிவிடுங்கள். நுண்தூசி வடிகட்டும் வகை உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் அதையே போடுங்கள். நான் முதல்முறை கழற்றிப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி போல இருந்தது, மடிப்புகளுக்கு நடுவே வேப்பிலைச் சருகு. அப்படி அடைத்துக்கொண்டால் காற்றின் வேகம் பாதியாகிவிடும், டிஃபாக் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டு மூன்று நிமிடம் ரீசர்குலேஷன் போட்டுக்கொள்ளலாம், ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. லாரியைத் தாண்டியதும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். அதே பட்டன் நெடுநேரம் இருந்தால் நாம் விடும் கரியமில வாயுவும் உள்ளேயே சேரும், தூக்கம் தூக்கமாக வரும்.

எலெக்ட்ரிக் காரில் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் இன்ஜின் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வீணாகிறது. அந்த வீண் சூட்டைத்தான் பழைய காரில் ஹீட்டர் என்று இலவசமாக அனுபவித்தோம். எலெக்ட்ரிக் மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை, அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு துளிச் சூட்டுக்கும் பேட்டரி மின்சாரம் செலவாகிறது. எலெக்ட்ரிக் கார், அதாவது ஈவி, ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் ஹீட்டர் பட்டனைப் பார்த்தால் கை கூசுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி மின்சாரத்தில் கம்பிச் சுருள் போலச் சூடாகும் பிடிசி ஹீட்டர் ஆரம்பத்தில் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். 4 கிலோவாட்டில் பத்து நிமிடம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது நான்கைந்து கிலோமீட்டர் ரேஞ்ச். கண்ணாடி தெளிந்த பிறகு சூட்டைக் குறைத்துவிட்டால் தில்லிக் குளிருக்கு அதில் கால்பங்கே போதும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் உள்ள வண்டி என்றால் செலவு இன்னும் குறையும். அன்று பாலத்தின்மேல் நான் மிச்சம் பிடித்தது ஐந்து கிலோமீட்டர். கோயிலுக்குப் போய்த் திரும்பும் தூரமே ஐம்பதைத் தொடாது, பேட்டரியில் அதற்கு மேலேயே இருந்தது. கஞ்சத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பெட்ரோல் கார் சூடான காற்றைத் தர இன்ஜின் சில கிலோமீட்டர் ஓடிச் சூடாக வேண்டும். பிடிசி ஹீட்டர் ஒரு நிமிடத்திலேயே சூடு தரும். கண்ணாடி தெளிய வைப்பதில் ஈவி பெட்ரோல் காரைவிட ஒரு படி மேல், நாம் கை கட்டிக்கொண்டு உட்காராத வரை. தவிர, இதில் புகைக்குழாய் இல்லை. மூடிய பேஸ்மெண்ட்டில் நின்றபடியே ஹீட்டரை ஓடவிடலாம், பெட்ரோல் வண்டியை அங்கே ஓடவிட்டால் விஷவாயு.

ரேஞ்சுக்குப் பயந்தால் உடம்புக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், சூட்டைக் கண்ணாடிக்குக் கொடுங்கள். காற்றைக் காலுக்கும் முகத்துக்கும் விடாமல் கண்ணாடிக்கு மட்டும் திருப்பினால் குறைந்த சூட்டிலேயே வேலை ஆகிவிடும்.

ஈவி ஓட்டுபவர்கள் அதிகம் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராக ஒட்டிச் சொட்டும், அதனால்தான் ஏசி காற்றைக் காயவைக்கிறது. கண்ணாடி தெளிந்ததும், "சரி, இனி ஏசி எதற்கு, ரேஞ்ச் போகுது" என்று ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிடுகிறோம். காயில் மெல்லச் சூடாகிறது. அதில் ஒட்டியிருந்த தண்ணீர் முழுவதும் மறுபடி ஆவியாகி, ப்ளோயர் அதை நேராகக் கண்ணாடியில் அடிக்கிறது. தெளிவாக இருந்த கண்ணாடி சில விநாடிகளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மொத்தமாக மூடிவிடும். சிக்னலில் நிற்கும்போது நடந்தால் பிழைத்தோம். ஏசியை அணைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வெளிக்காற்று ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், காற்றைக் கண்ணாடியிலிருந்து காலுக்குத் திருப்புங்கள், அப்புறம் அணையுங்கள். நான் மார்கழி, தை இரண்டு மாதமும் ஏசியை அணைப்பதே இல்லை.

கடும் குளிரில், அதாவது மூன்று நான்கு டிகிரிக்குக் கீழே, காயில் உறைந்துவிடாமல் இருக்க ஏசி கம்ப்ரசர் தானே ஓய்வெடுத்துக்கொள்ளும். ஏசி விளக்கு எரிந்தாலும் ஈரம் எடுக்காது. அந்த நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவது ஹீட்டரும் வெளிக்காற்றும்தான்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் எகோ மோடில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் எகோ போட்டால் ஹீட்டரும் ப்ளோயரும் பாதிச் சக்தியில்தான் ஓடும். கண்ணாடி தெளியும் வரை நார்மல் மோடுக்கு வந்துவிடுங்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மே மாத வெயிலில் டெஸ்ட் டிரைவ் எடுத்தாலும் வெட்கப்படாமல் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். டிஃபாக் பட்டன் கையால் தொட்டு அறியும் பட்டனா, இல்லை ஸ்க்ரீனில் மூன்று பக்கம் தாண்டி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முந்தின இரவே செய்ய வேண்டியது

இரவு வண்டியை சார்ஜில் போடும்போது காற்றின் திசையைக் கண்ணாடிக்கு மாற்றி, வெளிக்காற்றில் வைத்துவிட்டு இறங்குங்கள். காரணம், காலையில் செயலி மூலம் ஏசியைத் தூரத்திலிருந்தே போட்டால் பல வண்டிகள் கடைசியாக எந்த நிலையில் விட்டோமோ அதே நிலையில்தான் தொடங்கும். ரீசர்குலேஷனில் விட்டு இறங்கியிருந்தால் பதினைந்து நிமிடம் உள்காற்றையே சூடாக்கிக்கொண்டிருக்கும்.

கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு, பிளக்கைப் பிடுங்காமலே, செயலியில் 22 அல்லது 23 டிகிரி வைத்துத் தொடங்குங்கள். நேரம் குறித்து வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட் சுமார் 3 கிலோவாட் கொடுக்கும். ஹீட்டர் ஆரம்பத்தில் அதைவிட அதிகம் கேட்டால் மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதி கரண்ட் சுவரிலிருந்தே வந்துவிடுவதால் கிளம்பும்போது ரேஞ்ச் அப்படியே இருக்கும், கண்ணாடியும் சூடாக இருக்கும். சூடான கண்ணாடியில் ஈரம் ஒட்டாது.

பேஸ்மெண்ட்டில் நிறுத்துபவர்கள் இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அங்கே கண்ணாடி தெளிவாகவே இருக்கும். கீழே பதினைந்து டிகிரி, சரிவுப் பாதை ஏறி வெளியே வந்தால் ஆறு டிகிரி. கேட்டைத் தாண்டி முதல் திருப்பத்துக்குள் கண்ணாடி குளிர்ந்து மூடிவிடும். மேலே ஏறுவதற்கு முன்பே டிஃபாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைக் கழுவுவது

இதற்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. ஒரே குளிர், ஒரே ஈரம் இருந்தாலும் அழுக்குக் கண்ணாடி முதலில் மூடும், தாமதமாகத் தெளியும். தண்ணீர்த் துளி உட்கார ஒரு பிடி வேண்டும், எண்ணெய்ப் படலமும் தூசியும் அந்தப் பிடியைக் கொடுக்கின்றன.

படலம் எங்கிருந்து வருகிறது? புது வண்டியின் பிளாஸ்டிக் டேஷ்போர்டு வெயிலில் மெல்ல ஆவியை விடும், அது கண்ணாடியில் படியும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போட்டால் இன்னும் மோசம். நம் வீட்டு விசேஷம் தனி: ஆயுத பூஜைக்குக் காருக்குள் ஏற்றும் ஊதுபத்தி, சாம்பிராணி. அந்தப் புகை கண்ணாடியில் ஒரு மஞ்சள் திரையாக மாதக்கணக்கில் இருக்கும். பூஜையை வெளியே, பானெட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

செய்முறை இது. மைக்ரோஃபைபர் துணி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிழலில் நிற்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் அரை வாளியில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டே சொட்டு. முதல் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உட்பக்கம் முழுவதும் துடையுங்கள். இரண்டாவது துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சோப்பை எடுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் இரவில் எதிர் விளக்கு பூப்பூவாகத் தெரியும். மூன்றாவது, உலர்ந்த துணி. உட்பக்கத்தை மேலும் கீழுமாகவும் வெளிப்பக்கத்தை இடவலமாகவும் துடைத்தால் கோடு தெரியும்போது அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம்.

கண்ணாடியும் டேஷ்போர்டும் சந்திக்கும் ஆழமான மூலைக்குக் கை போகாது. மரத் தோசைத் திருப்பியில் துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முடிந்ததா என்று பார்க்க, இருட்டிய பிறகு வெளியிலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் விட்டுப்போன இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

ஷேவிங் நுரை தடவும் வித்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை செய்யும், பொய் இல்லை. நுரையிலிருக்கும் சோப்புச் சத்து தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் பரப்பிவிடுகிறது. ஆனால் சரியாகத் துடைக்காவிட்டால் எதிர் விளக்கில் கண் கூசும். பக்கக் கண்ணாடிக்குப் போடுங்கள், முன்கண்ணாடிக்கு நான் போடுவதில்லை. அமோனியா உள்ள கண்ணாடி க்ளீனரை டேஷ்போர்டு ஸ்க்ரீனிலும் கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமிலும் படவிடாதீர்கள்.

டேஷ்போர்டில் கண்ணாடி ஓரமாக ஒரு நீளமான இடுக்கு இருக்கும், காற்று வருவது அதன் வழியாகத்தான். அதன்மேல் டிஷ்யூ பெட்டி, பார்க்கிங் சீட்டு, ஆளுக்கொரு சாமி. எங்கள் வண்டியில் பிள்ளையாருக்கு நேர் மேலே மட்டும் ஒரு கை அகலம் தெளியவே தெளியாது. இப்போது அவரை நடுவில், ஸ்க்ரீனுக்கு மேல் குடியேற்றியிருக்கிறோம்.

தினமும் மூடுகிறதா? தண்ணீர் எங்கோ இருக்கிறது

நீங்கள் ஒருவர் மட்டும் போகும்போதும் தினமும் மூடினால் வண்டிக்குள் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். முன்சீட்டு மிதியடிகளைத் தூக்கி, கீழே உள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். இடது பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். வைப்பருக்கு அடியில் உள்ள கறுப்பு ஜாலியைப் பாருங்கள். தில்லியில் நாவல், வேம்பு, அரசு என்று எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் சருகு அங்கே போய் மக்கிக் கிடக்கும். வெளிக்காற்று உள்ளே வரும் வாசல் அதுதான், அது ஈரமாக இருந்தால் வரும் காற்றும் ஈரம். கையாலேயே அள்ளிப் போடலாம். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் உள்ளே இனிப்பு வாசனையும் சேர்ந்து வந்தால் கூலன்ட் கசிவாக இருக்கக்கூடும், கூலன்ட்டைச் சூடாக்கி ஹீட்டருக்கு அனுப்பும் ஈவிகளும் உண்டு. அதற்கு சர்வீஸ் சென்டர்தான்.

தில்லிக் குளிர்காலத்தில் கடவுள் கொடுத்த ஒரு வசதி, மதிய வெயில். ஒரு மணிக்கு நான்கு கதவையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், மிதியடிகளை பால்கனிக் கம்பியில் போடுங்கள். சிலிக்கா ஜெல் பை வைப்பதானால் அரை கிலோவாவது வேண்டும், வாரம் ஒருமுறை சூடாக்கிக் காயவைக்கவும் வேண்டும். கல் உப்பு மூட்டை வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து ஒழுகி, அந்த உப்புநீர் வண்டியின் தகட்டைத் தின்னும்.

பின்கண்ணாடி, கேமரா, வெளிப்பனி

பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் சூடாகும் கம்பிகள். பட்டன் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும், மின்செலவு சொற்பம். அந்தக் கோடுகளின் மேல் பிளேடால் ஸ்டிக்கர் சுரண்டாதீர்கள். ஒரு இடத்தில் அறுந்தால் அந்த வரி முழுவதும் செத்துவிடும்.

முன்கண்ணாடியின் உச்சியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டி என்றால், கீழே தெளிந்த பிறகும் அந்த இடம் மூடியிருக்கலாம். தானாக பிரேக் போடும் வசதி, லேன் காட்டும் வசதி எல்லாம் அப்போது வேலை செய்யாது, டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதைப் பழுது என்று நினைத்து ஓடாதீர்கள். சூடு மேலே வரை ஏற ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கண்ணாடி தெளிந்தாலும் வெளியே பனிமூட்டம் அப்படியேதான் இருக்கும். பார்வை 200 மீட்டருக்குள் இருந்தால் அடர்பனி, 50 மீட்டருக்குள் போனால் மிக அடர்பனி என்பது வானிலைத் துறையின் கணக்கு. லோ பீமும் ஃபாக் விளக்கும் போதும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டும் தில்லிப் பழக்கம் எனக்குப் பிடிக்காது, முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று தெரிவதில்லை.

இந்த மார்கழியிலும் அதே நால்வர்தான் போகிறோம். ஐந்து மணிக்குச் செயலியில் ஹீட்டர், ஐந்தேகாலுக்குப் புறப்பாடு. பொங்கல் தூக்குக்குப் புது மூடி வந்துவிட்டது, இடம் டிக்கியில். ஸ்பீக்கருக்குப் பக்கத்துப் பையில் ஒரு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி எப்போதும் இருக்கும். ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் மாமா மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறார். ஈரத் தலையைத் துண்டில் முடிந்துகொண்டு வரச் சொன்னதில்தான் மாமிக்கு இன்னும் வருத்தம்.